இரண்டு புள்ளியும் ஒரு கோடும்

பட்டறையில் வண்டிகளின் முன்பக்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்மைக் கழற்றுவது எப்படி, அதன் ரப்பர் புஷ்ஷை அழுத்திப் பொருத்துவது எப்படி என்று இதில் எதுவும் இருக்காது. அதெல்லாம் ஒரு வருடம் நின்றால் கை பழகிவிடும். ஒரு பழைய பிக்கப் வண்டியின் இடது முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் இரும்புக் கையை, அந்த லோயர் ஆர்மைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழங்கால் தேய்ந்து ஐம்பத்தைந்து வயதில் நான் வேலையை விட்டேன். இது அதற்கு இரண்டு வருடம் முன்பு, மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஷெட்டுக்குள் நடந்தது.

முதலில் இரண்டு பழக்கங்களைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, டைரி. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். வண்டி, செய்த வேலை, மாற்றிய சாமான், முடித்த நேரம். ஒரு பக்கம்கூட விட்டதில்லை.

இரண்டு, பஞ்ச். எங்கள் பட்டறையில் முன்பக்க வேலை முடித்தவர் லோயர் ஆர்மின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், தன் அடையாளத்தைப் பஞ்ச் என்கிற கூர் உளியால் அடித்துவிட வேண்டும். வண்டி திரும்பி வந்தால் யார் பதில் சொல்வது என்று தெரிவதற்காக. எனக்கு இரண்டு புள்ளியும் அதன் கீழே ஒரு கோடும். ஆர்க்காட்டிலிருந்து ஆம்பூர் வரை வேறு யாரும் அப்படி அடிப்பதில்லை.

அந்தப் புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டது தொழிற்சாலையின் சின்ன முதலாளி. முப்பது வயதுக்குள் இருப்பார். அவர் தாத்தா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பச்சை நிற பிக்கப் அது. நம் லாரிகளைப் போல முன்பக்கம் ஒரே இரும்பு அச்சு கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். பல வருடம் உப்புத்தோல் ஏற்றிய வண்டி. பிறகு அவர்தான் செலவு செய்து பளபளப்பாக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏலகிரி மலைக்குப் போவதாக ஏற்பாடு. பின்னால் பெஞ்சு போட்டு வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். ஓட்டப்போவது ஜப்பார் பாய். அந்த வீட்டில் இருபத்தெட்டு வருடமாக டிரைவர்.

கோளாறு ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதமாக வண்டி ஒரே ஒரு இடத்தில் இடதுபக்கம் இழுக்கிறது. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால், ரோடு இறங்கி வளைகிற இடம். மற்ற எங்கேயும் இல்லை.

நான் ஜப்பார் பாய் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நல்ல வெயில். ரோட்டில் எதிரே யாரும் இல்லை. வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் அவர் கைக்குள்ளேயே இடதுபக்கம் நகர்ந்தது. நான் அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசையவில்லை. அவர் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

"பாத்தீங்களா மேஸ்திரி? நான் திருப்பல."

"பாத்தேன் பாய்."

"என் கைமேல இன்னொரு கை வெச்சி திருப்புற மாதிரி இருக்குது. இதத்தான் ஆறு மாசமா சொல்றேன். சின்னவரு இன்னா சொல்றாரு தெரியுமா? பாய்க்கு கண்ணு போய்ட்ச்சாம். கண்ணு போனா மாடு தெரியாது, ஆடு தெரியாது. வண்டி இழுக்குமா? நீங்களே சொல்லுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் சின்ன முதலாளி அவர் முன்னாலேயே பேசினார்.

"அண்ணே, ஆர்ம்ல புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் புதுசா போட்டு ஃபுல்லா ரெடி பண்ணிடுங்க. சாமான் வந்துட்டுது. நாலு ஆர்மும் செஞ்ச பிறகும் இழுக்குதுன்னா, கோளாறு வண்டில இல்ல. திங்கக்கிழமைலேர்ந்து வேற டிரைவர் பாத்துக்கறேன். கொழந்தைங்க ஏறுற வண்டி, பாருங்க."

ஜப்பார் பாய் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஆரம்பித்தேன். பதினொன்றரைக்கு நான்கு ஆர்மும் வெளியே வந்துவிட்டன. மூன்றில் குறை ஒன்றும் இல்லை. இடது லோயர் ஆர்ம் மட்டும் உப்பும் கிரீஸும் சேர்ந்து மேலோடு கட்டிப் போயிருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். பெயின்ட்டுக்கு அடியில், புஷ் உட்காரும் வளையத்துக்குப் பக்கத்தில், ஒரு வெல்டு தெரிந்தது. மேலே கிரைண்டர் வைத்து இழைத்து, கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்த வெல்டு. ஆர்மில் அந்த இடத்தில் வெல்டு போடவே கூடாது. பக்கத்து இரும்பு வெந்து, பாரம் தாங்காமல் விரிசல் விடும்.

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வெல்டு முடிகிற இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் வந்தன.

நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயில் கை கழுவினேன். திரும்பி வந்து பார்த்தேன். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும், கோடு வலதுபக்கம் கொஞ்சம் தூக்கி முடிவதும் என் கைதான். நம் கையெழுத்தை நாமே எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்வோம் அல்லவா? அப்படி.

இன்னொன்றையும் கவனித்தேன். ஆர்மை நன்றாகத் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். வரும்போது அது வியர்த்திருந்தது. வெல்டு இருந்த அந்த ஒரு சாணில் மட்டும், முத்து முத்தாக. உப்பு ஈரத்தை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதைத் துடைக்க எனக்குக் கை நீளவில்லை.

வெல்டும் அடையாளமும் சேரும் அந்த ஒரு அங்குலத்தை மட்டும் வெறும் இரும்பு தெரியும்வரை நான் அன்று சுத்தம் செய்யவில்லை. அன்றைய டைரியில் "வெளிச்சம் போதவில்லை" என்று எழுதியிருக்கிறேன். ஷெட்டின் கூரை பாதி கண்ணாடி. வெளிச்சம் போதுமான அளவு இருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை எடுத்தேன். பதினான்கு வருடம் பின்னால் போனதும் கிடைத்தது. சின்ன முதலாளியின் சித்தப்பாவிடம் இதேபோல் இன்னொரு பச்சை பிக்கப் இருந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே நாளில் வாங்கிய ஜோடி வண்டிகள். அதற்கு நான் வேலை செய்திருக்கிறேன். பக்கத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இடது லோயர் ஆர்ம். புஷ் மாற்றினேன். பார்த்தேன், சரி. பஞ்ச் போட்டேன். மாலை 5.20."

அந்த வண்டி அடுத்த நான்காவது மாதம் பாலாற்றில் விழுந்தது. ஓட்டியவர் அணைக்கட்டு ஊர்க்காரர், முனுசாமி. அங்கேயே போய்விட்டார். ஓட்டும்போது தூங்கிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் இந்த ஆர்ம் அந்த வண்டியுடையது. ஒரே கேள்விதான் மிச்சம். நான் பஞ்ச் போட்ட பிறகு யாரோ வெல்டு வைத்தார்களா, அல்லது வெல்டு வைத்திருந்த ஆர்மைப் பார்த்து நான் பஞ்ச் போட்டேனா?

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்காகத் தொழிற்சாலை நின்றது. தோல் ஊறும் பெரிய மர டிரம்கள் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குக் காது பழகிவிட்டால் அது சத்தமாகவே தெரியாது. நின்றபோதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாக நின்றன. கடைசி டிரம் அரைச் சுற்று ஆடி நின்றது. எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள், ஜப்பார் பாயும் சின்ன முதலாளியும் உட்பட. ஷெட்டில் நானும் வண்டியும் மட்டும். சுற்றிலும் சட்டங்களில் காயப்போட்ட தோல்கள். காற்று இல்லை. ஒரு தோல்கூட ஆடவில்லை.

ஆர்மை மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தேன். எடுத்துத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தடவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். பெஞ்சில் வைத்துவிட்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வெல்டின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அது நகர ஆரம்பித்தது. யாரோ உள்ளே இருந்து பென்சிலால் எழுதுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், ஒரு நூல் அளவுக் கோடு நீண்டுகொண்டே வந்தது. என் முதல் புள்ளிக்கும் இரண்டாம் புள்ளிக்கும் நடுவே புகுந்து, கோட்டைத் தாண்டி, வளையத்தின் விளிம்பில் போய் நின்றது.

அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் வண்டி முனகியது. திரும்பினேன். ஸ்டியரிங் சக்கரம் தானாகக் கால் சுற்று இடதுபக்கம் திரும்பி நின்றது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆர்ம் இல்லாமல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த இடது சக்கரத்தின் குடம், கயிறு தளர்ந்ததும் இறங்கியிருக்கிறது, அதோடு சேர்ந்த தண்டு ஸ்டியரிங்கை இழுத்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். கயிறு இரண்டு விரல் இறங்கித்தான் இருந்தது. காரணம் அதுதான். ஆனால் காரணம் தெரிந்த பிறகும் நான் டிரைவர் சீட்டைப் பார்க்காமல்தான் பெஞ்சுக்குத் திரும்பினேன்.

பிறகு அந்த ஒரு அங்குலத்தைச் சுத்தம் செய்தேன். முதல் புள்ளி பழைய இரும்பின் மேல் இருந்தது. இரண்டாவது புள்ளி வெல்டின் மேல் இருந்தது. வெல்டு பிறகு வைத்திருந்தால் அந்தப் புள்ளி உருகிப் போயிருக்கும். அது உருகவில்லை. வெல்டு எனக்கு முன்பே இருந்திருக்கிறது. பஞ்சை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தவன் நான்தான். பார்த்தேன், சரி.

இதை ஏன் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் என்றால், கிரைண்டர் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு நொடி வேலை. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போயிருக்கும். ஆர்ம் விரிசல் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஜப்பார் பாய் பிழைப்பார், பிள்ளைகள் பிழைப்பார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கிரைண்டரைக் கையில் எடுத்தும்விட்டேன். இது எந்த டைரியிலும் இல்லை.

என்னை நிறுத்தியது நேர்மை என்று நினைக்காதீர்கள். இழைத்துவிட்டால் இந்த ஆர்ம் எந்த வண்டியில் இருந்தது, யாரை ஆற்றில் இறக்கியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி போய்விடும் என்று தோன்றியது. ஆறு மாதமாக ஒருவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பதினான்கு வருடமாக இன்னொருவரால் சொல்லவே முடியவில்லை. கிரைண்டரைக் கீழே வைத்தேன்.

தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். சின்ன முதலாளி தூரத்திலிருந்தே, "இன்னாண்ணே, மாட்டலாமா?" என்றார்.

"மாட்ட முடியாது. இத பாருங்க."

கறுப்புக் கோட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது நல்ல மேஸ்திரி பாத்த ஐட்டம்ணே. எங்க ஆர்ம் உப்புல போய்ட்ச்சு. சித்தப்பா வண்டி சாமான்லாம் குடோன்ல கெடந்துச்சு, அதுல இருந்து எடுத்து ஆறு மாசம் முன்னாடி மாட்டினோம். மாட்டினவரே பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பாத்து சொன்னாரு, பஞ்ச் இருக்குது, பயப்படாதீங்கன்னு."

"பஞ்ச் என்னுது."

"எது?"

"இந்த ரெண்டு புள்ளியும் கோடும். பதினாலு வருஷம் முன்னாடி நான் அடிச்சது. வெல்டு இருக்கறத பாக்காம அடிச்சிட்டேன். வண்டி இழுக்கறது இதாலதான். இறக்கத்துல வளையும்போது பிரேக் போட்டா முழு பாரமும் இதுமேல வருது, விரிசல் வாயத் தொறக்குது, சக்கரம் பின்னால போவுது. பாய் மேல தப்பு இல்ல."

ஜப்பார் பாய் கிட்டே வந்து ஆர்மைத் தொடாமல் பார்த்தார்.

"முனுசாமி வண்டியா இது?"

"ஆமா பாய்."

"அவன் எங்க வுழுந்தான்னு தெரியுமா மேஸ்திரி?"

"ஆத்துலன்னு தெரியும்."

"புதன்கிழமை நீங்களும் நானும் போனமே, அந்த வளைவு. அதே எடம்."

மற்ற இடங்களில் ஏன் இழுக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இறக்கம், வளைவு, பிரேக் மூன்றும் சேர்கிற இடம் அந்த ரோட்டில் அது ஒன்றுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன். அது சரியான விடை என்றுதான் நினைக்கிறேன். அன்று அந்த ஷெட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சின்ன முதலாளி ஜப்பார் பாய் பக்கம் திரும்பி, "பாய், நான் என்னென்னமோ சொல்லிட்டேன்" என்றார்.

ஜப்பார் பாய் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "நேத்தே வேலூர் போய் கண்ணு டெஸ்ட் பண்ணினு வந்துட்டேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன், டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. நீங்களே வெச்சிக்கோங்க. அடுத்த டிரைவருக்கு உதவும்."

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏலகிரி போகவில்லை. புது ஆர்ம் வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. மாட்டிய அன்றே ஜப்பார் பாய் அந்த வளைவுக்குப் போய்வந்தார். இழுக்கவில்லை என்றார். "ஆனா அங்க வந்தா நானே ஸ்லோ பண்ணி ஒரு சலாம் சொல்லிட்டுத்தான் போறேன். முனுசாமி ஒத்துப்பான்" என்றார்.

என் கதை அங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு அணைக்கட்டுக்குப் பக்கத்தில் முனுசாமியின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர். என்னை யாரென்று தெரியாமலே நாற்காலி போட்டார். நான் பட்டறையின் பெயரைச் சொன்னேன். உங்கள் கணவர் தூங்கவில்லை, ஆர்மில் விரிசல் இருந்தது, அதை நான் பார்க்கத் தவறினேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள்.

அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அந்த மேஸ்திரி நீங்கதானாண்ணா? அவரு உங்ககிட்ட வந்தாரே."

"எப்பம்மா?"

"சாவறதுக்கு பத்து நாள் இருக்கும். வண்டி தானா போவுது, யாரோ புடிச்சி இழுக்கறாங்கன்னு பயந்துனு உங்ககிட்டதான் எடுத்துனு வந்தாரு. நீங்க கீழ குனிஞ்சி டார்ச்சு அடிச்சி பாத்துட்டு, நம்ம பஞ்ச் இருக்குதுப்பா, ஒண்ணும் இல்ல போன்னு சொல்லிட்டீங்களாம். ஊட்டுக்கு வந்து சோறு கூட துன்னல. மேஸ்திரியே வண்டில ஒண்ணும் இல்லன்னுட்டாரு, அப்ப இது வேற எதுவோதான்னாரு. அடுத்த நாளே வண்டிக்கு பூசணிக்கா சுத்தி ஒடச்சோம். நான்தான் சுத்தினேன்."

எனக்கு அது நினைவில் இல்லை. இன்றுவரை நினைவு வரவில்லை. டைரியில் அந்தப் பத்து நாட்களையும் பிறகு பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் நிறைந்திருந்தது, சுத்தமான கையெழுத்தில். முனுசாமி வந்ததாக ஒரு வரிகூட இல்லை. ஏனென்றால் நான் செய்த வேலையைத்தான் எழுதினேன். ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிய வண்டிகளை எழுதியதே இல்லை. அப்படி அனுப்பியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய் எதற்குப் பயந்தார்கள் என்று என்னிடம் கணக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டிரைவர் ஒருவர் தன் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று வந்து நின்றால், உங்கள் அடையாளத்தைத் தேடி டார்ச் அடிக்காதீர்கள். ஆர்மைக் கழற்றுங்கள். கழற்ற நேரம் இல்லையென்றால், பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். 'ஒன்றும் இல்லை' என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டுப் போகிறவர் அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்துக்கொள்வார். பிறகு அதை விரட்ட உங்களால் முடியாது.

முனுசாமியின் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"அப்ப அவரு தூங்கல."

"தூங்கலம்மா."

"என் பையன் ஆஸ்பத்திரில வேலை. ராத்திரி டூட்டி முடிச்சி இப்ப வந்துடுவான். அவங்க அப்பா தூங்கிட்டாருன்னுதான் அவனுக்கு ஊரே சொல்லி வெச்சிருக்குது. ஸ்கூல்ல கூட சொல்லிக் கேலி பண்ணுவாங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்களே சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், யூனிஃபார்ம் சட்டையோடு, தூக்கம் நிறைந்த கண். அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தான். நான் நாற்காலியை விட்டு இறங்கி, முழங்காலை மடக்க முடியாமல் நீட்டி, அவனுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து முதலில் என் பெயரைச் சொன்னேன்.